ஈன்றவளுக்குத் தண்ணீர்

அன்பு மகன் அன்ரனுக்கு,

நான் உன் மனைவியைப் பன்றிக் கொட்டிலில் வேலைக்கு விட்டேன் என்ற கதை நெல்லியடிச் சந்தைவரை போய், நீ வேலை செய்கிற கட்டாருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அது பிழை. பிள்ளை பெற்ற உடம்பு தேறுமுன் ஒருத்தியை வேலைக்கு விடுகிற வீடு இது இல்லை. தர்சினி கொட்டிலுக்குப் போனது உண்மை. நான் மறித்ததும் உண்மை. அவள் என் சொல்லைக் கேட்காமல் போனாள். அவள் போனது சரி என்று கொஞ்ச நேரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. பிறகு நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன். இந்த வயதில் நான் பன்றிச் சேற்றில் குந்தியிருந்ததை உனக்கு ஒருவரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கதை கொண்டுபோகிறவர்கள் நல்ல பகுதியை வழியில் போட்டுவிடுவார்கள்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில், "அம்மா, உந்தப் பண்டியளை வித்துப்போடுங்கோ" என்றாய். உன் மாமியார் தர்சினியையும் குழந்தையையும் நெல்லியடிக்குத் திரும்பக் கூட்டிப்போக வேண்டும் என்கிறார். நீ ஊருக்கு வர இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அந்த ஒரு வருடம் உன் மனைவியும் மகளும் எந்த வீட்டில் இருப்பார்கள், என் பன்றிகள் இருக்குமா போகுமா என்பதுதான் இப்போது எங்கள் எல்லோர் முன்னாலும் இருக்கிற கேள்வி. அதற்குப் பதில் சொல்லுமுன் நடந்ததை முழுதாகத் தெரிந்துகொள். அதற்காகத்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தர்சினி நெல்லியடியில் முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்துவிட்டு இங்கே சில கிழமைகள் நின்று போக வந்தாள். அவளோடு ஒரு பயணப்பெட்டியும், குழந்தையின் சாமான்களும், உன் மாமியார் மிளகு, மல்லி, மஞ்சள் போட்டுத் தன் கையால் இடித்த சரக்குத்தூள் ஒரு போத்தலும், அவருடைய கட்டளைகளும் வந்தன. இரண்டு வேளையும் சரக்குக் கறி. குளிர்ச்சியான சாமான் ஒன்றும் கூடாது. முழுகினால் தலையில் ஈரம் நிற்கக் கூடாது. பச்சைத் தண்ணீர் வாயில் படவே கூடாது. கொதித்தாறிய தண்ணீர் வேளைக்கு ஒரு சின்னத் தகரப் பேணி, அதற்கு மேல் இல்லை. உன் மாமியாரும் நானும் பல காரியங்களில் ஒத்துப்போவதில்லை என்பது உனக்குத் தெரியும். அவர் வெள்ளிக்கிழமையில் வீட்டுக்குள் முட்டை எடுக்காதவர். நான் பன்றி வளர்க்கிறவள். ஆகவே அவருடைய மகளை நான் சரியாகப் பார்க்கவில்லை என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். கன்னியாஸ்திரிமார் என்னை வளர்த்த முறையும் அப்படி. சொன்னதைச் செய்ய வேண்டும், சொன்ன அளவில் செய்ய வேண்டும். தர்சினி இரண்டாவது பேணி கேட்டபோது, "உங்கடை அம்மா ஒண்டு எண்டுதானே பிள்ளை சொன்னவ" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குத் திரும்பினேன். அவள் வெறும் பேணியின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்களில் கறுப்பி நிறை சினையாக நின்றாள். நீ ஊரில் இருந்தபோது தடியால் முதுகு சொறிந்துவிடுவாயே, அதே கறுப்பிதான். சினைப் பன்றிக்கு எவ்வளவு தீனி வைப்பது என்பதில் நான் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது உன் அப்பாவிடம் படித்த பாடம். அவர் படிப்பித்ததால் அல்ல. நாங்கள் முதன்முதல் வாங்கிய பெட்டைக்கு அவர் கலியாண மண்டபத்துச் சோறு, பனம்பழம், தேங்காய்ப் பிண்ணாக்கு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கொட்டினார். நான் மறித்தால், "வயித்திலை பிள்ளையோடை நிக்கிறவளுக்கு அளந்தே போடுறது? உம்மடை கொன்வென்ற் சட்டத்தைக் கொட்டிலுக்கை கொண்டராதையும்" என்பார். அது பீப்பாய் மாதிரி ஊதிப்போனது. குட்டி போட ஒரு பகல் முழுதும் அது பட்ட பாடு உனக்கும் நினைவிருக்கும். நீ இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கிணற்றடியில் நின்றாய். பிறகு அந்தக் கொழுத்த உடம்பைப் பக்குவமாகச் சாய்க்க மாட்டாமல் தன் குட்டிகளின் மேலேயே படுத்தது. பால் கொடுக்க வேண்டிய நாட்களில் தொட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. சினையில் வயிறு முட்டத் தின்றது பாலூட்டும்போது தின்ன மாட்டாது என்பதை அன்றுதான் அறிந்தோம். செத்த குட்டிகளைப் புதைத்துவிட்டு வந்த உன் அப்பா அன்றைக்குச் சோற்றில் கை வைக்கவில்லை. அதற்குப் பிறகு தீனி அளக்கிற பொறுப்பு என்னுடையது.

ஆகவே கறுப்பியை நான் குறைவில்லாமல் பார்த்தேன். காலையும் மாலையும் அளவான தவிடும் குறுணல் அரிசியும், கொஞ்சம் பிண்ணாக்கும், மலம் இறுகாமல் இருக்கக் கங்குன் கீரையோ வாழைத்தண்டோ. பூஞ்சணம் பிடித்தது எதுவும் கிட்டப் போகாது. முதுகைக் கையால் அழுத்தினால் எலும்பு தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் தெரியக் கூடாது. அதுதான் என் கணக்கு. கடைசிக் கிழமைகளில் மட்டும் ஒரு கை கூடுதலாக, ஏனென்றால் குட்டிகள் வயிற்றுக்குள் பருப்பது அப்போதுதான். ஈனுகிற நாளில் தவிட்டுக் கஞ்சி மட்டும். இவ்வளவும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது அதற்குப் பிறகு வருவது.

ஆடி மாதத்தில் சைவ ஆட்கள் கலியாணம் வைப்பதில்லை. ஆகவே மண்டபச் சோறும் இல்லை. கொட்டிலில் எனக்கு உதவியாக நிற்கிற மரியதாஸ் அண்ணை மயிலிட்டிக் கரையில் சொல்லிவைத்து, கருவாட்டுத் தலைகள் ஒரு சாக்கு கொண்டுவந்தார். "பால் ஊறும் தங்கச்சி, அவிச்சுப் போடுவம்" என்றார். கறுப்பி பதினொரு குட்டி போட்டாள், எல்லாம் உயிரோடு, எல்லாம் ஒரே பருமன். நான் அன்று மிகவும் பெருமையாக இருந்தேன். மரியதாஸ் அண்ணை தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஈண்ட உடம்புக்குத் தண்ணி ஆகாது, சன்னி பிடிச்சிடும். நாலு நாளைக்குப் பத்தியம்" என்றார். காலையில் ஒரு சிரட்டை, மாலையில் ஒரு சிரட்டை. எங்கள் கொட்டிலில் எப்போதும் செய்வதுதான், நானும் தலையாட்டினேன். ஆனால் முந்திய ஈற்றுகள் எல்லாம் மாரி காலத்தில் வந்தவை. கொட்டிலின் பின்பக்கத்தில் மழைவெள்ளம் தேங்கி நிற்கும். நாங்கள் பத்தியம் காப்பதாக நினைத்துக்கொண்டிருந்தபோது அவை அங்கே வேண்டியமட்டும் குடித்திருக்கின்றன. இந்த முறை சோளகக் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது, நிலத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. உப்பில் கிடந்த மீன்தலையை அவித்துக் கொடுத்துவிட்டுத் தண்ணீரை மறித்திருக்கிறோம். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்தில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்வதாகவே நினைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் தர்சினி அறையிலிருந்து கூப்பிட்டாள். அந்த அறை யன்னல் கொட்டில் பக்கம் பார்த்தது.

"மாமி, குட்டியள் கத்துதுகள்."

"குட்டி எண்டால் கத்தும்தானே பிள்ளை. நீ படு."

"இது அந்தக் கத்தல் இல்லை மாமி. பால் காணாத கத்தல். இவளும் உப்பிடித்தான் கத்துறாள்" என்று மடியில் கிடந்த மகளைக் காட்டினாள்.

நான் போய்ப் பார்த்தேன். குட்டிகள் முலைக்கு முலை ஓடி ஓடிக் கடித்துக்கொண்டிருந்தன, ஒன்றிலும் நிற்கவில்லை. கறுப்பி கவிழ்த்து வைத்த தொட்டியின் ஓரத்தை நக்கினாள். பிறகு எழுந்து தடுமாறிப் போய்ச் சுவரில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். பேர் சொல்லிக் கூப்பிட்டும் காது அசையவில்லை.

"சன்னிதான்" என்றார் மரியதாஸ் அண்ணை. "நான் சொன்னனான். வீட்டிலை சரக்குக் கிடக்குதெல்லே, கொஞ்சம் கரைச்சுப் பருக்குவம்."

"சன்னியும் இல்லை, ஒண்டும் இல்லை. அதுக்குத் தண்ணி விடாய், தாகத்திலை தவிக்குது" என்று எனக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது. தர்சினி தலையில் கட்டிய துவாயோடு வெயிலுக்குள் நின்றாள்.

"நீ ஏன் பிள்ளை இஞ்சை வந்தனி? உள்ளுக்குப் போ! உங்கடை அம்மாவுக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

"எனக்குத் தெரியும் மாமி. நானும் பேணியின்ரை அடியை நக்காத குறைதான்."

கால்நடை வைத்தியரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் முதல் கேட்டது என்ன தீனி வைத்தீர்கள் என்று. இரண்டாவது கேட்டது தண்ணீர் எவ்வளவு என்று. நான் சொன்னதும் ஒரு பெருமூச்சு விட்டார். "அம்மா, உப்பையும் தீத்தித் தண்ணியையும் நிப்பாட்டினால் பண்டிக்கு மூளையிலை அடிக்கும். இப்ப பயத்திலை வாளியோடை வைச்சுடாதேங்கோ, அதுவும் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. நான் பின்னேரம் வாறன்."

தர்சினி ஒரு பால்மாப் பேணியை எடுத்து வந்தாள். நான் வாளியைக் கைக்குள் வைத்துக்கொண்டேன். அவள் இரக்கத்தில் அள்ளி ஊற்றிவிடுவாள் என்ற பயம் எனக்கு. நான் அளந்து ஊற்றினேன், அவள் கறுப்பியின் வாயருகே பிடித்தாள். முதலில் பாதி சிந்தியது. வீட்டுக்குள் குழந்தையை ஏணையில் போட்டு ஆட்டுகிற வேலை மரியதாஸ் அண்ணைக்கு. அவர் பாடுகிற தேவமாதா பாட்டு வெளியே கேட்டது, சுதி இல்லாமல். தர்சினி சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

அந்த நேரம் பார்த்து உன் மாமியார் ஏறிவந்த ஓட்டோ படலையில் வந்து நின்றது.

"ஐயோ கடவுளே! என்ரை பிள்ளையைப் பண்டிக் கொட்டிலுக்கை விட்டிருக்கிறியளே, சம்மந்தி!"

"அம்மா, சத்தம் போடாதேங்கோ. கறுப்பி இப்பதான் குடிக்கத் தொடங்கினவள்."

"ஆரடி கறுப்பி?"

"இந்தா, இவள்."

"பச்சை உடம்போடை பண்டிக்குத் தண்ணி பருக்கவோ உன்னை நான் பெத்தனான்? எழும்படி! இண்டைக்கே வீட்டை வா."

"வாறன் அம்மா, ஆனால் ஒண்டைச் சொல்லுங்கோ. எங்கடை வீட்டுப் பசு லச்சுமி கண்டு போட்டால் முதல் வேலையா என்ன வைக்கிறியள்?"

உன் மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டோப் பக்கம் திரும்பினார்.

"பெரிய வாளி நிறையத் தண்ணி, தவிடும் கரைச்சு. குடிச்சால்தான் பால் எண்டு எனக்குச் சொல்லித் தந்ததும் நீங்கள்தான். எனக்கு மட்டும் சின்னப் பேணி."

"பசுவும் நீயும் ஒண்டோடி!"

"இல்லை. பசுவுக்கு ஆசுப்பத்திரி மிட்வைஃப் சொல்லேல்லை. எனக்குச் சொன்னவ, நல்லாத் தண்ணி குடிக்கச் சொல்லி. நீங்கள் கேக்கேல்லை."

உன் மாமியார் என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன். இரண்டு பேருமே பிடிபட்டவர்கள்தான். ஆனால் அவர் ஓட்டோக்காரனுக்கு முன்னால் பிடிபட்டார், எனக்கு மரியதாஸ் அண்ணை மட்டும்தான். அந்த வித்தியாசத்தை நான் மறக்கவில்லை. அவர் குழந்தையைக்கூடத் தூக்காமல் திரும்பிப் போனார். போகிற வழியிலேயே உனக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

பின்னேரம் வைத்தியர் வந்து ஊசி போட்டார். பொழுது படுகிற நேரத்தில் கறுப்பி காதை அசைத்தாள். பிறகு மெல்ல முன்காலை மடித்து, குட்டிகள் விலக நேரம் கொடுத்துச் சரிந்து படுத்தாள். அவள் பால் விடும்போது போடுகிற அந்த முனகல் சத்தம் கேட்டதும் தர்சினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு குட்டிகள் தப்பவில்லை. ஒன்பது இருக்கின்றன.

அன்று அவளை உட்காரவைத்து ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தேன். அவள் மூச்சு விடாமல் குடிப்பதைப் பார்த்தபோதுதான் உன் அப்பாவை நினைத்தேன். நீ பிறந்தபோது உன் அப்பம்மா எனக்கும் இதே பேணிக் கணக்குத்தான் வைத்தா. நாக்கு ஒட்டிக்கொள்ளும். உன் அப்பா ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒரு போத்தலோடு வந்து, "கோயில் தீர்த்தம் அம்மா, பிள்ளை பெத்தவளுக்கு நல்லதாம்" என்று தாயிடம் காட்டிவிட்டு அறைக்குள் கொண்டுவருவார். தீர்த்தத்தை மறிக்க உன் அப்பம்மாவால் முடியுமா? அது எங்கள் கிணற்றுத் தண்ணீர். ஒரு மாதம் முழுதும் நான் தீர்த்தம் குடித்தேன். உன் அப்பம்மா அயலுக்கெல்லாம் என் பக்தியைப் பற்றிச் சொன்னா. பிறகு நான் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது மறுபக்கத்தில் சுவாமியார் இருமுவதுபோல் நெடுநேரம் சிரித்தார். தர்சினிக்கு இதைச் சொன்னேன். அவள், "பிறகேன் மாமி எனக்குப் பேணி?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தாகம் தீர்ந்ததும் தாகம் மறந்துபோகிறது. கட்டளை மட்டும் கையில் நிற்கிறது. வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

இப்போது இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் தண்ணீர் எந்நேரமும் நிறைந்திருக்கிறது. கறுப்பிக்கு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீனியைக் கூட்டி, தொட்டியில் அவளே மிச்சம் விடுகிற அளவுக்கு வந்துவிட்டோம். ஒன்பது குட்டிக்குப் பால் கொடுக்கிறவளை அளந்து வைக்கக் கூடாது. கருவாட்டுத் தலைச் சாக்கை மரியதாஸ் அண்ணை தென்னைக்குப் புதைத்துவிட்டார். பதிலாகப் பச்சை மீன்தலையை உப்பில்லாமல் அவிக்கிறோம். தர்சினிக்குச் சரக்குக் கறியும் உண்டு, உன் மாமியாருடைய கைப்பக்குவம் நல்லது, அதை ஏன் விட வேண்டும். குழந்தை இப்போது குடித்த உடனே நித்திரையாகிறாள். கன்னம் வைத்திருக்கிறது. உன் மாமியார் நேற்று எனக்குத் தொலைபேசி எடுத்து, தன் மகளை அனுப்பச் சொல்லிக் கடுமையாகப் பேசினார். வைக்கப்போகும்போது, "அந்தச் சீவன் தப்பிச்சுதோ?" என்று கேட்டார். தப்பியது என்றேன். "சரி" என்று வைத்தார்.

இனி உன்னைப் பற்றி. தர்சினி வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது நீ பாதாம் அனுப்பினாய், பேரீச்சம்பழம் அனுப்பினாய், படிக்கட்டில் ஏறாதே என்று படிக்கட்டே இல்லாத வீட்டில் இருந்தவளுக்குச் சொன்னாய். பிள்ளை பிறந்த பிறகு எடுத்தவுடன், "பிள்ளையைக் காட்டு" என்கிறாய். பிள்ளையைப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறாய். அவள் சாப்பிட்டாளா, குடித்தாளா, படுத்தாளா என்று நீ கேட்டதை நான் கேட்கவில்லை. எல்லோரும் செய்கிற பிழைதான்; சினைக்குக் கொட்டுவதும் ஈன்ற பிறகு மறப்பதும். ஆனால் உன் அப்பா அந்தப் போத்தலைக் கொண்டுவந்தவர். நீ அவருடைய மகன்.

இன்னொன்று. நான் எடுத்தால் நீ "ஓம் அம்மா, அவள் உங்களோடையே நிக்கட்டும்" என்கிறாய். உன் மாமியார் எடுத்தால் "ஓம் மாமி, அவளை உங்களிட்டை விடச் சொல்லுறன், பண்டியையும் விக்கச் சொல்லுறன்" என்கிறாய். நேற்று நானும் உன் மாமியாரும் பேசியபோதுதான் இது வெளியே வந்தது. இரண்டு தாய்மாரையும் மனம் நோகச் செய்யாமல் இருக்க நினைக்கிறாய் என்று தெரியும். நடுவில் நிற்கிறவள் உன் மனைவி. பயணப்பெட்டியைக் கட்டுவதா அவிழ்ப்பதா என்று தெரியாமல் அவள் அதைக் கட்டில் காலோடு பாதி திறந்து வைத்திருக்கிறாள்.

என் பக்கத்தை நான் எழுதிவிடுகிறேன். பன்றிகளை விற்க மாட்டேன். அவை என் சோறு, என் வேலை, என் காலைப்பொழுது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெட்கப்படுகிறவர்கள் நத்தார்ப் பெருநாள் கறிக்கு என்னிடம் வரிசையில் நிற்கிறார்கள். தர்சினி இங்கே இருக்க விரும்பினால் அது அவள் வீடு. கொட்டிலில் அவளுக்கு வேலை கிடையாது, அவளாக வந்தால் தடையும் கிடையாது. இந்த ஈற்றில் இரண்டு பெட்டைக் குட்டிகளைத் தனக்கென்று வளர்க்கக் கேட்டிருக்கிறாள், கொடுத்துவிட்டேன். மாதத்தில் ஒரு கிழமை குழந்தையோடு நெல்லியடியில் போய் இருக்கட்டும். அந்த அம்மாவும் பேத்தியைத் தூக்கத்தானே வேண்டும், அன்றைக்குத் தூக்காமல் போனவர். இது என் விருப்பம். தர்சினியின் விருப்பமும் இதுதான் என்று நான் நினைக்கிறேன், ஆனால் நினைப்பது போதாது. நீ அவளிடம் கேள். பிள்ளையைக் காட்டச் சொல்லுமுன் கேள். அவள் சொல்வதை முழுதாகக் கேட்டு, அதன்படி முடிவு செய்.

முடிவு செய்ததும் கடதாசியில் உன் கையால் இரண்டு கடிதம் எழுது. ஒன்று எனக்கு, ஒன்று உன் மாமியாருக்கு, இரண்டிலும் ஒரே வசனங்கள். கையெழுத்து விளங்க வேண்டும். தபாலில் போடு, நான் எதிர்பார்த்திருப்பேன். "ஓம்" என்று மட்டும் எழுதி அனுப்பாதே. எதற்கு ஓம் என்பதையும் எழுது.

உன் அம்மா